நெட்டன் தோண்டிய மூன்றாவது சுற்றுவழி

எலிகளும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், ஒரு நெல்வயலின் வரப்புக்குள் மூன்று எலிகள் குடியிருந்தன. மூத்தவள் கரும்பி, அடுத்தவள் செவலை, கடைசித் தம்பி நெட்டன். செவலைக்கு நான்கு குட்டிகள்.

அவர்களுடைய வளை பாம்பு நுழைய முடியாத குறுகலான, நீளமான ஒற்றைப் பாதை. அதன் முனையில் வாய் வைத்து ஊதினால் உள்ளே எல்லோருக்கும் கேட்கும். உதட்டைத் தளர்த்தினால் தாழ்ந்த ஓசை: தண்ணீர் பாய்கிறது, வெளியே ஓடுங்கள். இறுக்கினால் உயர்ந்த ஓசை: பாம்பு வருகிறது, உள்ளேயே இருங்கள். இடையில் வேறு ஓசை அந்த வளையில் வராது.

ஒருநாள் நெட்டன் காவலிருந்தான். சாரைப்பாம்பு ஒன்று வரப்பேறி வந்தது. ஊதினான். பயத்தில் உதடு தளர்ந்துவிட்டது. தண்ணீர் என்று நினைத்துச் செவலையின் குட்டிகள் வெளியே ஓடின. ஒன்றுகூடத் திரும்பவில்லை.

"இறுக்கித்தான் ஊதினேன் அக்கா," என்று நெட்டன் அழுதான். அதன் பிறகு செவலை அவனோடு பேசுவதையே விட்டுவிட்டாள்.

கரும்பிதான் ஒரு வழி சொன்னாள். "உதட்டை மட்டும் நம்பினா இப்படித்தான் ஆகும். பாதை நீண்டா ஓசை இறங்கும். ஆளுக்கொரு சுற்றுவழி தோண்டி, மண்கதவு வைப்போம். கதவை மிதிச்சா நேர்வழி அடைபட்டு மூச்சு சுத்திப் போகும். பாம்புக்கு ஒரு ஓசை, தண்ணிக்கு ஒரு ஓசைன்னு தனித்தனியா வச்சுக்கலாம்."

வாசலுக்குப் பக்கத்தில் கரும்பி இரண்டு சாண் தோண்டினாள். நடுவில் செவலை. துக்கத்தில் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தவளுக்கு ஒரு சாண்தான் முடிந்தது. கடைசியில் நெட்டன் மூன்று சாண் தோண்டினான்.

"எதுக்குடா இவ்வளவு?" என்று கரும்பி கேட்டாள்.

"உங்க ரெண்டு பேரு பங்கும் சேர்த்து," என்றான்.

கரும்பி ஊதிப் பார்த்தாள். ஒவ்வொரு கதவுக்கும் ஓசை அழகாக இறங்கியது. முதல் கதவையும் மூன்றாவது கதவையும் சேர்த்து மிதித்தபோது மட்டும் போதுமான அளவு இறங்கவில்லை.

"கொஞ்சம் தூக்கலா நிக்குது," என்றாள். நெட்டன் மறுபடி இறங்கித் தன் வழியை இன்னும் நீட்டினான். வேண்டும்போது நீளவும் மற்ற நேரம் சுருங்கவும் அதன் கோடியில் நகரும் அடைப்பு ஒன்றை வைத்தான். அந்த ஓசையையே பாம்புக்கு வைத்துக்கொண்டார்கள்.

அறுவடை சமயத்தில் பாம்பு திரும்ப வந்தது. கரும்பி முதல் கதவை மிதித்து ஊதினாள். நெட்டன் அடைப்பை நகர்த்தி வழியை நீட்டி மூன்றாவது கதவை மிதித்தான்; பயத்திலும் அந்தக் கால் அசையவில்லை. வளையிலிருந்து ஒருவரும் வெளியே வரவில்லை. காத்துக் கிடந்த பாம்பு பசியோடு போய்விட்டது. நெட்டன் அப்போதும் மிதித்தபடியே நின்றான்.

செவலை அவனருகில் வந்தாள். "பாம்பு போயிடுச்சு தம்பி. காலை எடு."

வயல்காவலுக்கு எக்காளம் ஊதும் வேலாத்தாள் அந்த ஓசையைக் கேட்டு வரப்பில் குந்தி விசாரித்தாள். கரும்பி எல்லாவற்றையும் சொன்னாள். வேலாத்தாள் தன் எக்காளத்தைப் பித்தளை வேலை செய்யும் கன்னாரிடம் கொடுத்து, அதே அளவுகளில் மூன்று பித்தளைச் சுற்றுகள் வைத்து, விரலால் அழுத்தும்படி செய்துகொண்டாள்.

அந்த அறுவடையிலிருந்துதான் ட்ரம்பெட் என்னும் எக்காளத்துக்கு விரலால் அழுத்தும் மூன்று வால்வுகள். நடுவால்வின் குழாய் குட்டை, மூன்றாவதின் குழாய் மற்ற இரண்டும் சேர்ந்த நீளம். முதலையும் மூன்றையும் சேர்த்து அழுத்துகிறவர்கள் இடக்கை விரலால் மூன்றாவது குழாயைக் கொஞ்சம் வெளியே தள்ளிக்கொள்வதும் அன்று முதல்தான்.