வடிகஞ்சி

கஞ்சிக் குண்டானைச் சாக்கடையில் கவிழ்த்தார் மடத்துத் தலைவி அம்மை. குப்பென்று ஆவி எழுந்தது.

வைரவன் கரண்டியும் கையுமாக ஓடிவந்தார். மடத்தின் அடுக்களை அவர் பொறுப்பு. வயதில் அம்மையைவிட மூத்த சீடர்.

“அம்மா, அன்னம்!”

அந்த மடத்தில் சோறு வடித்த கஞ்சியைக் கீழே ஊற்றியதில்லை. சத்தெல்லாம் அதில்தான் என்று சொல்லி, உப்பிட்டு, கைக்குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். அதற்காகத்தான் தாய்மார்கள் வாசலில் நின்றிருந்தார்கள்.

“நம்ம அரிசியைப் பரிசோதனைக்கு அனுப்பினோமே, இப்பத்தான் போன் வந்தது. ஆர்சனிக் இருக்காம். வயலுக்குப் பாய்ச்சற ஆழ்குழாய்த் தண்ணியிலிருந்து நெல்லுக்கு ஏறியிருக்கு. வடிக்கும்போது கஞ்சியில இறங்குது,” என்றார் அம்மை.

“ஆர்சனிக்னா?”

“பாஷாணம்.”

வைரவன் கரண்டியை முகர்ந்து பார்த்தார்.

“ருசி பார்த்துத்தானே கொடுத்தேன்.”

“ருசியில தெரியாது. ஒருநாள் குடிச்சா ஒண்ணும் பண்ணாது. தினமும் உள்ள போனா, மெல்ல மெல்ல வேலை செய்யும். தோல், ஈரல்... புற்றுநோய் வரைக்கும்.”

“தினமும்தானே கொடுத்தேன்.” வைரவன் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “அஞ்சலை மகனுக்கு இன்னும் பல்கூட முளைக்கலை. என் கையாலயே ஊட்டியிருக்கேன்.”

வைரவன் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார்.

“விஷம்னு தெரிஞ்சா இந்த வாசலை யார் மிதிப்பாங்க? இன்னைக்கு அடுப்பு எரியலைன்னு சொல்லிடறேன். நாளையிலிருந்து வேற அரிசி, வேற தண்ணி. யாரும் பயப்பட வேண்டாம். அப்படிச் சொல்லலாமாம்மா?”

“போய்ச் சொல்லுங்க.”

வைரவன் வாசலுக்குப் போனார். அம்மையும் பின்னால் வந்து நின்றார்.

வரிசையில் முதலில் அஞ்சலை. இடுப்பில் குழந்தை.

“என்ன சாமி, இன்னைக்கு மேளதாளத்தோடதான் கஞ்சி வருமா? இவன் என் முடியில பாதியைப் பிச்சுட்டான்.”

“அடுப்பு எரியலை.”

“புகை மட்டும் எப்படிப் போகுது? சோம்பேறித்தனம்னு சொல்லுங்க.”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். வைரவனும் சிரிக்கப் பார்த்தார்.

“சரி விடுங்க. நேத்து நீங்க கொடுத்தது செம்புல மிச்சம் இருக்கு. சுட வச்சு ஊட்டிக்கறேன்.”

அவள் திரும்பி நடந்தாள்.

“வேண்டாம்!”

அப்படி ஒரு குரல் அவரிடமிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. குழந்தை வீறிட்டது. சிரிப்பு நின்றுவிட்டது.

“என்ன சாமி?” என்றாள் அஞ்சலை. “ஏன் வேண்டாம்?”

வைரவன் அம்மையின் பக்கம் திரும்பினார்.

“நான் என்னம்மா சொல்லட்டும்?”

“அவளைத் தடுத்தீங்களே, எதுக்கு? அதைச் சொல்லுங்க.”

வைரவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அஞ்சலையின் பக்கம் திரும்பினார்.