சூடு சொரணை உள்ள கம்பி

மடம் என்று சொல்வது மரியாதைக்காக. பார்த்தால் ஒரு கல் மண்டபமும் அதை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையும்தான். கொட்டகை சமையலுக்கு. மண்டபத்தில் உட்கார்ந்து ஞானம் கேட்பவர்களைவிடக் கொட்டகை வாசலில் தட்டோடு நிற்பவர்கள் அதிகம். எந்த மடத்திலும் அப்படித்தான்.

மடத்தை நடத்தியவர் நாச்சம்மாள். நாற்பது வயது இருக்கும். எல்லாரும் அம்மா என்பார்கள். சீடர் சென்னியப்பன் அவரைவிட இருபது வயது மூத்தவர். சர்க்கரை ஆலையில் கருவிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். சீடர் குருவை அம்மா என்பார், குரு சீடரை ஐயா என்பார். யார் காலில் யார் விழுவது என்று புதிதாய் வருபவர்கள் குழம்புவார்கள்.

சென்னியப்பனுக்கு ஒரே ஆசைதான். காவி கட்ட வேண்டும். தைப்பூசத்தன்று பார்க்கலாம் என்று அம்மா சொல்லியிருந்தார். அதற்காக ஒரு வருடமாகச் சமநிலை பழகினார். திட்டினால் சிரிப்பார். புகழ்ந்தாலும் அதே சிரிப்பு. காலில் தேள் ஏறினாலும் அதே சிரிப்புத்தான் இருந்திருக்கும். தேளுக்குத்தான் தைரியம் வரவில்லை.

பூசத்துக்கு முந்தின நாள் அவருடைய மனைவி பாவாத்தாள் வந்தார். வடைக்கு மாவாட்ட வந்ததாகச் சொன்னார். வந்த கையோடு நேரே அம்மாவிடம் போனார்.

"ஏனுங்கம்மா, இவருக்கு நாளைக்குக் காவி குடுக்கறீங்களாமா?"

"கேட்டிருக்காருங்கக்கா."

"குடுத்துருங்க. இவரு வீட்டுல இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதானுங்க. போன மாசம் எந்தம்பி செத்துட்டானுங்க. போன்ல சொல்லி அழுவறேன். 'சரி'ன்னாருங்க. சந்தையில தக்காளி கிடைக்கலைன்னு சொன்னாலும் இதே 'சரி'தானுங்க."

கண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தார்.

"சூடு சொரணை இருக்குதுங்களா இந்த மனுசனுக்கு?"

சென்னியப்பனின் முகம் மலர்ந்தது.

"கேட்டீங்களா அம்மா? இத்தன வருசம் கூட வாழ்ந்தவளே சொல்லிட்டா. சூடும் போச்சு, சொரணையும் போச்சு. நாளைக்கு ஒண்ணும் தடையில்லைங்களே?"

எழுதுகிற எனக்கே கோபம் வருகிறது. அம்மாவுக்கு வரவில்லை.

"வடை சுடற மெஷின் ஒண்ணு வந்திருக்குதுங்கய்யா. முதல்ல அதைப் பாருங்க."

ஓட்டல்காரர் ஒருவர் கொடுத்த பழைய இயந்திரம் அது. மேலே எண்ணெய்த் தொட்டி, அடியில் கேஸ் அடுப்பு, பக்கத்தில் எண் காட்டும் பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு கம்பி கிளம்பித் தொட்டிக்குள் இறங்கியது. சென்னியப்பன் எல்லாவற்றையும் துடைத்து, முடுக்கி, பூட்டினார்.

"இந்தக் கம்பி எதுக்குங்கய்யா?"

"தெர்மோகப்பிள்ங்க. ஆலையில இதுகளோடதான் நான் குடித்தனம் பண்ணினேன். உள்ள ரெண்டு கம்பி இருக்கும். ரெண்டும் வேற வேற உலோகம். நுனியை மட்டும் ஒண்ணா வெல்டு வெச்சிருப்பாங்க."

"ஒத்துப்போகாத ரெண்டை ஒண்ணாக் கட்டி வெச்சிருக்குதுங்களா?" என்றார் மாவாட்டிக்கொண்டிருந்த பாவாத்தாள். "நம்ம வீடாட்ட."

சென்னியப்பன் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான்.

"ரெண்டும் ஒரே உலோகமா இருந்தா?" என்று கேட்டார் அம்மா.

"வேலைக்கு ஆகாதுங்க. வேற வேறயா இருந்தாத்தான் நுனி காயறப்பக் கொசு கடிக்கிற அளவுக்கு ஒரு கரண்டு வரும். பெட்டி அதை வெச்சு இத்தன டிகிரின்னு சொல்லும். நூத்தியெண்பது ஆச்சுன்னா கேஸை அணைச்சிரும். ஆறினா மறுபடி எரிய விடும்."

"நுனி காஞ்சாப் போதுங்களா?"

"நுனி காயணும், மறு முனை ஆறியிருக்கணும். அந்த வித்தியாசத்துலதானுங்க கரண்டே வருது. ரெண்டு முனையும் ஒரே சூடுன்னா ஒண்ணும் வராது."

"சமநிலை."

"அதேதானுங்க! அப்பப் பெட்டி பாட்டுக்கு ரூம் சூட்டைக் காட்டிட்டு உக்காந்திருக்கும். முப்பது, முப்பத்தொண்ணு. ஆடாது, அசையாது."

"எண்ணெயை விட்டு வெளியில எடுத்துட்டா?"

"அப்பவும் அதேதானுங்க. கீழ என்ன கொதிச்சாலும் அதுக்குத் தெரியாது."

"பரம சாந்தி" என்றார் அம்மா.

சென்னியப்பன் கைகூப்பினார். அது கம்பிக்குச் சொன்னதா தனக்குச் சொன்னதா என்று அவர் யோசிக்கவில்லை.

மறுநாள் விடியும்போதே வாசலில் காவடிகள் வந்துவிட்டன. காவடிகளுக்குப் பின்னால் பசியும் வந்துவிட்டது. சென்னியப்பன் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, எண் பெட்டிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார். பாவாத்தாள் கையில் மாவைத் தட்டியபடி தொட்டியருகே நின்றார். அம்மா கேஸ் வால்வுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வாழை இலை நறுக்கினார்.

"காஞ்சிருச்சுங்களா?" என்றார் பாவாத்தாள்.

"முப்பத்தொண்ணு."

கொஞ்ச நேரம் போனது.

"ஏனுங்க, எண்ணெய் கமறுதுங்க."

"முப்பத்தொண்ணுதான் காட்டுது புள்ள. அவசரம் ஆகாது."

"பொகை வருதுங்க."

"அது மனசுல வர்ற பொகை."

"எங்கண்ணு எரியுதுங்க!"

"எரியட்டும். எரியறதைச் சாட்சியா இருந்து பாரு."

பாவாத்தாள் சாட்சியாக இருக்கவில்லை. கையிலிருந்த வடையை எண்ணெயில் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார். அது ஒரு சீறல் சீறி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருகி, கரித்துண்டாய் மிதந்தது.

சென்னியப்பன் வடையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். முப்பத்தொன்று. பெட்டியிலிருந்து கிளம்பிய கம்பியின் வழியே கண்ணை ஓட்டினார். அது தொட்டிக்குள் இறங்கவில்லை. மேலே ஏறி, ஜன்னலோரத்து ஆணியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

முக்காலி உருண்டது. ஒரே தாவலில் பாவாத்தாளின் தோளைப் பிடித்து இழுத்துத் தனக்குப் பின்னால் தள்ளினார்.

"கேஸை அணைங்க!"

அம்மாவின் கை முன்பே வால்வின் மேல்தான் இருந்தது. திருகினார். தீ அடங்கியது. சென்னியப்பன் அடங்கவில்லை.

"எவன்டா அவன்? எவன்டா இதை எடுத்து ஆணியில மாட்டினது? எண்ணெய் பத்தியிருந்தா இவ என்ன ஆயிருப்பா? ஒரு பொம்பள பக்கத்துல நிக்கறாளேன்னு நெனப்பு வேண்டாம்? சூடு சொரணை இருக்குதாடா உங்களுக்கெல்லாம்?"

கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. காவடி எடுத்து வந்தவர்கள்கூட ஓரடி பின்வாங்கினார்கள்.

"நான்தானுங்கய்யா மாட்டினேன்" என்றார் அம்மா.

சென்னியப்பனின் வாய் திறந்தபடியே நின்றது. கை மட்டும் பாவாத்தாளின் தோளை விடவில்லை.

பாவாத்தாள் அந்தக் கையைப் பார்த்தார். சிவந்துபோன முகத்தைப் பார்த்தார். புகையில் வந்த கண்ணீரோடு வேறு கண்ணீரும் சேர்ந்துகொண்டது.

"அம்மா, மெஷின் வேலை செய்யுதுங்க" என்றார்.

யாரோ சிரித்தார்கள். சென்னியப்பன் சிரிக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உந்தம்பி..." என்றார். "என்னைய மச்சான்னு கூப்பிட இனி யாரு புள்ள இருக்கா?" என்று கேட்டுவிட்டு, திருநீறெல்லாம் கரைந்து வழிய அழுதார். பாவாத்தாள் மாவுக் கையோடு பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் அழ வேண்டியது பாக்கி இருந்தது.

அம்மா எழுந்து ஆணியிலிருந்த கம்பியை எடுத்துத் தொட்டியில் இறக்கினார். பெட்டியில் எண்கள் விறுவிறுவென்று ஏறின. வெளியே தட்டுகள் தட்டப்பட்டன.

"வடை கேக்கறாங்கய்யா. எண்ணெய் ஆறினதும் ஆரம்பிக்கலாம்."

சென்னியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் ஒரு வருட உழைப்பும் போனது நினைவுக்கு வந்தது.

"அம்மா, கோவம் வந்துருச்சுங்களே. அழுதும்போட்டேன். அப்பக் காவி?"

அம்மா உள்ளே போய், மடிப்புக் கலையாத புதுக் காவித் துணியை எடுத்து வந்தார். சென்னியப்பன் இரண்டு கைகளையும் நீட்டினார். அம்மா அவரைத் தாண்டிப் போய் அதைக் காலியாயிருந்த ஆணியில் மாட்டினார்.

"அது இங்கேயே தொங்கட்டுமுங்கய்யா. துணிக்குச் சூடு சொரணை வேண்டியதில்ல."