கிளிப்பானைக்குள் கை விட்ட அரண்மனை

கேளுங்கள், கேளுங்கள். வெற்றிலை போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே கேளுங்கள், தூங்குகிறவர்கள் தூங்கிக்கொண்டே கேளுங்கள்.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கடலோரத்தில் புன்னையூர் என்று ஒரு நாடு இருந்தது. நாடு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். காலையில் குதிரை ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லையைத் தாண்டிவிடலாம். ஆனாலும் அதற்கு ஒரு ராஜா இருந்தான். மணிமுடிக்கோன் என்று பெயர். நல்லவன்தான். தனக்குத் தெரியாத விஷயம் நாட்டில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிற வியாதி மட்டும் அவனுக்கு இருந்தது.

அவன் கல்யாணத்துக்கு ஒரு கப்பல் வியாபாரி ஒரு ஜோடிக் கிளிகளைக் கொண்டுவந்து கொடுத்தான். நம்மூர்ப் பச்சைக்கிளி இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற குட்டிக் கிளிகள். ஆணுக்கு மூக்குக்கு மேலே நீலம், பெண்ணுக்குக் காவி.

அரண்மனைச் சோதிடர் வெண்காடர் அன்றைய விருந்தில் மூன்றாவது முறையாகப் பாயசம் வாங்கிக் குடித்தார். குடித்ததற்கு ஏதாவது சொல்ல வேண்டுமே. "இந்தக் கிளிங்க என்னைக்குக் குஞ்சு பொரிக்குதோ, அதுக்கு அடுத்தாப்ல அரண்மனையில தொட்டில் ஆடும்" என்று சொல்லிவிட்டு ஏப்பம் விட்டார். பேசியது பாயசம். ஆனால் ஊரே நம்பிவிட்டது.

அன்றைக்குப் பிடித்தது சனி, கிளிக்கும் ராணிக்கும்.

ராணியின் பெயர் கோதை. காலையில் எழுந்தால் பூக்காரி கேட்பாள்: "என்னம்மா, விசேஷம் உண்டா?" குளித்துவிட்டு வந்தால் மந்திரி மனைவி கேட்பாள்: "விசேஷம் ஏதாச்சும்?" சாப்பிட உட்கார்ந்தால் மாமியார் கேட்பாள்: "ஏம்மா கோதை, இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லியா?" மாமியார் பெருந்தேவி கேள்வியோடு நிற்க மாட்டாள். கண்ணாலேயே வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

ஒரு நாள் கோதை ஆசையாக ஒரு மாங்காய்ப் பத்தையை உப்பு மிளகாய் தொட்டுக் கடித்தாள். பிடிக்கும், கடித்தாள், அவ்வளவுதான். மென்று விழுங்குவதற்குள் வாசலில் மேளம் வந்துவிட்டது. தெருத்தெருவாகச் சர்க்கரை வழங்கினார்கள். பட்டத்து யானைக்குக்கூட ஒரு வாய் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து விஷயம் அப்படியில்லை என்று தெரிந்ததும் ஊரே அவளை முறைத்தது. சர்க்கரையை விழுங்கியது அவர்கள், அவமானத்தை விழுங்கியது அவள். அதற்கப்புறம் கோதை மாங்காய்ப் பக்கமே போகவில்லை.

இனி கிளிகளின் கதை.

முதலில் அவற்றைப் பார்த்துக்கொண்டவர் சேனாதிபதி. கூண்டுக்குள் ஓட்டை போட்ட மண்பானை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். பெண் கிளி உள்ளே போய் முட்டையிட்டது. ராஜா தினமும் சபையில், "கிளி என்ன ஆச்சு?" என்று கேட்பான். சேனாதிபதிக்கு, "தெரியாது" என்று சொல்லிப் பழக்கமில்லை. அந்தச் சபையில் யாருக்குமே பழக்கமில்லை. ஆகவே தினமும் பானைக்குள் கையை விட்டு எண்ணிவிட்டு வந்து, "முட்டை எல்லாம் வரிசையா இருக்கு மகாராஜா" என்பார். கிளி மிரண்டுபோய் முட்டைகளை உருட்டித் தள்ளிவிட்டது.

அடுத்து வந்தவர் வைத்தியர். அவர் முட்டையை வெளியே எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். நாடி பார்க்க முட்டையில் இடமில்லையே, பாவம், வேறு என்ன செய்வார்? மூலிகைத் தைலம்கூடத் தடவினார். கடைசியில் எல்லாம் கூமுட்டை.

மூன்றாவதாகச் சோதிடரே வந்தார். பானையின் வாய் தெற்கே பார்க்கிறது, ஆகாது என்று கழற்றிக் கிழக்கே திருப்பினார். மறுநாள் வடக்கே திருப்பினார். உள்ளே அடைகாத்துக்கொண்டிருந்த கிளிக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். அது அடையை விட்டு வெளியே வந்து மூலையில் உட்கார்ந்துகொண்டது. திரும்ப உள்ளே போகவே இல்லை.

பெருந்தேவி அன்றைக்கே சபையில் எழுந்து நின்றாள். "கிளி பொரிக்கலன்னா இவ வயித்துல வாரிசு இல்லைன்னுதானே அர்த்தம்? தை பொறக்கறதுக்குள்ள குஞ்சு வரலைன்னா, எங்க அண்ணன் மகளை என் பையனுக்குக் கட்டி வைக்கப்போறேன். சொல்லிட்டேன்."

ராஜா ஏதாவது சொல்லுவான் என்று கோதை அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோதைக்கு அந்த மனிதனைப் பிடித்திருந்தது, அதுதான் தொல்லையே. பிடிக்காமல் இருந்திருந்தால் அண்ணன் மகளை அவளே ஆரத்தி எடுத்து அழைத்து வந்திருப்பாள்.

சபை கலைந்ததும் அவள் கூண்டருகே போனாள். சோதிடர் அப்போதும் பானைக்குள் ஏதோ துழாவிக்கொண்டிருந்தார். மூலையில் பெண் கிளி சிறகைச் சிலுப்பிக்கொண்டு, வாயைத் திறந்தபடி, சுவரோடு சுவராக ஒட்டி நின்றது. எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று யோசித்தாள். தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்தான். அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது.

"போதும், கையை எடுங்க. இனிமே கிளி என் பொறுப்பு" என்றாள்.

பெருந்தேவிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "பேஷா வச்சுக்கோ. நாளைக்கு யாரையும் குத்தம் சொல்லாம இருந்தா சரி."

கோதை கூண்டை வெயில் நேராக விழாத ஓர் உள்ளறைக்கு மாற்றினாள். புதுப் பானை கட்டினாள். காலையில் ஒரு தடவை போவாள். தினையை மாற்றுவாள், தண்ணீரை மாற்றுவாள், முருங்கைக்கீரை ஒரு கொத்து செருகுவாள். கொத்தித் தின்னக் கணவாய் மீன் ஓடு ஒன்று எப்போதும் கம்பியில் தொங்கும். பானைப் பக்கம் திரும்பாமல் வெளியே வந்து கதவைச் சாத்துவாள். சாவி இடுப்பில்.

"கிளி என்ன ஆச்சு?" என்றான் ராஜா.

"தெரியாது" என்றாள் ராணி.

சாமரம் வீசிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அந்தச் சபையில் அப்படி ஒரு பதிலை யாரும் கேட்டதில்லை.

"முட்டை இருக்கா?" என்றான் மறுநாள். "தெரியாது."

"கிளியாவது இருக்கா?" என்றான் அதற்கும் மறுநாள். "ஒண்ணு இருக்கு. இன்னொண்ணு பானைக்குள்ள இருக்கு. உள்ளே என்ன பண்ணுதுன்னு தெரியாது." மந்திரிகள் காதில் விரலை விட்டுக் குடைந்துகொண்டார்கள்.

ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று, மார்கழியும் பாதி போயிற்று. அதற்கப்புறம் பெண் கிளி வெளியே வருவதே இல்லை. ஆண் கிளி மட்டும் தினையைத் தின்றுவிட்டுப் பானை வாயில் போய்த் தலையை விட்டுவிட்டு வந்தது. உயிரோடு இருக்கிற பெண்டாட்டிக்கு ஊட்டுகிறதா, செத்துப்போனவளைப் பார்த்துவிட்டு வருகிறதா? கோதைக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வாழ்க்கையே அந்தப் பானைக்குள் கிடந்தது. ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது?

கை பானை வரைக்கும் போய்விட்டது. ஆண் கிளி கம்பியில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்து அவளைப் பார்த்தது. கோதைக்குச் சட்டென்று தன் மாமியார் ஞாபகம் வந்தது. கிளியைப் பார்த்து இல்லை, தன் கையைப் பார்த்து. கையை இழுத்துக்கொண்டாள். தண்ணீரை மாற்றிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள்.

மார்கழி முடியப்போகிற சமயம். ராஜா, பெருந்தேவி, சேனாதிபதி, வைத்தியர், சோதிடர் என்று எல்லாரும் உள்ளறை வாசலுக்குத் திரண்டு வந்துவிட்டார்கள்.

"கதவைத் திற கோதை. இந்த நாட்டுல நான் பார்க்கக் கூடாத அறைன்னு ஒண்ணு கிடையாது" என்றான் ராஜா.

"திறக்கிறேன். சாப்பாட்டு வேளை ஆச்சு, இங்கேயே இலை போடறேன். நீங்க ஒரு வேளைச் சோறு நிம்மதியா தின்னு முடிங்க, சாவியை உங்க கையிலயே தரேன். ஒரே ஒரு விஷயம். இவங்க மூணு பேரும் கிளியைப் பார்த்துக்கிட்ட மாதிரியே உங்களையும் பார்த்துக்கட்டும்."

"பூ, இவ்வளவுதானா" என்று ராஜா சப்பணம் போட்டு உட்கார்ந்தான்.

மூன்று பேருக்கும் குஷி. முதல் கவளம் வாய்க்குப் போனது. சேனாதிபதி குனிந்து ராஜாவின் வாய்க்குள் பார்த்து, "ஒண்ணு உள்ளே போயிடுச்சு!" என்று முழங்கினார். இரண்டாவது கவளத்துக்கு வைத்தியர் பின்னாலிருந்து கையை விட்டு வயிற்றை அமுக்கி, "இறங்குது, இறங்குது" என்றார். மூன்றாவது கவளத்துக்குள் சோதிடர் இலையை அப்படியே உருவி வடக்கே திருப்பினார். குழம்பு ராஜாவின் மடியில் வந்து சேர்ந்தது. பெருந்தேவி சும்மா இருப்பாளா? "ஏம்ப்பா, ஜீரணம் ஆச்சா? இன்னும் இல்லியா?" என்று அவள் பங்குக்கு அவளும் கேட்டாள்.

ராஜாவுக்குப் புரையேறியது. கண்ணில் தண்ணீர் வந்தது. இலையைச் சுருட்டி எறிந்துவிட்டு எழுந்தான்.

"போங்கடா எல்லாரும்! ஒரு மனுஷனை ஒரு வாய் சோறு தின்ன விட மாட்டீங்களா?"

போட்ட சத்தத்தில் அரண்மனையே வாயை மூடிக்கொண்டது. சாமரம் நின்றது, மேளக்காரன்கூட மூச்சுவிடவில்லை. அந்த அரண்மனை கட்டின நாளிலிருந்து அங்கே அப்படி ஒரு அமைதி வந்ததே இல்லை.

அந்த அமைதியில், சாத்தின கதவுக்குப் பின்னாலிருந்து, சின்னதாகக் கேட்டது.

"கீச்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு குரல். அப்புறம் மூன்றாவதாக ஒன்று.

கோதை கதவில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். பெருந்தேவி கதவை நோக்கிப் பாய்ந்தாள். ராஜா, மடியெல்லாம் குழம்போடு, குறுக்கே நின்றான்.

"வேணாம்மா. அதுங்களே வெளியே வரும். உங்க அண்ணன் மகளுக்கு வேற மாப்பிள்ளை பாருங்க."

அண்ணன் மகள் அதைக் கேள்விப்பட்டு, விட்டது தொல்லை என்று இரண்டு கை சோறு அதிகமாகச் சாப்பிட்டாளாம். தை பிறந்து, குஞ்சுகளும் இறகு முளைத்துத் தாமாகவே பானையை விட்டு வெளியே வந்தன. சோதிடர், "நான் அன்னைக்கே சொல்லல?" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். யாரோ பழக்கதோஷத்தில் ராணியின் வயிற்றைப் பார்த்தார்கள். ராஜா அவரைக் கூப்பிட்டு, "உட்காருங்க, இலை போடச் சொல்றேன்" என்றான். அவர் ஓடியே போய்விட்டார். கோதை ஒரு மாங்காயை எடுத்து, உப்பு மிளகாய் தொட்டு, சபை நடுவில் உட்கார்ந்து நறுக்கென்று கடித்தாள். மேளம் வரவில்லை.

கதை முடிந்தது. என்ன, எழுந்திருக்க மனம் வரவில்லையா? ராணிக்கு அப்புறம் குழந்தை பிறந்ததா, ஆணா பெண்ணா என்று கேட்கத்தானே வாயெடுக்கிறீர்கள்?

பார்த்தீர்களா, இவ்வளவு சொல்லியும் உங்கள் கை பானைக்குள்தான் போகிறது.

ஆகவே இந்தக் கதையின் நீதி: அக்கறை உள்ளவர்கள் தினையும் தண்ணீரும் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வர வேண்டும், எட்டிப் பார்ப்பது அக்கறை ஆகாது.