வால் முளைத்த புள்ளி

ரைஃபிள் கிளப் தலைவர் தண்டபாணிக்குத் தன் கண் பருந்துக்கண் என்று நினைப்பு. பருந்து கேட்டால் கோபப்படும். துப்பாக்கிக் கடைக்கு வந்தவர், குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் சைட் ஆறைப் பார்த்து ஆறையும் தள்ளினார்.

"எல்லாம் டூப்ளிகேட்டும்மா. புள்ளிக்கு வால் இருக்கு. உருண்டைப் புள்ளி காட்டு, இல்லேன்னா உன் முதலாளிகிட்ட சொல்லிடுவேன், நாளைக்கு உனக்கு இங்கே வேலை கிடையாது."

கவுண்டரில் நின்ற மரகதம் கேட்டாள்: "வால் எந்தப் பக்கம் சார்?"

"வலப்பக்கம்."

அவள் சைட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள். "இப்ப?"

"இப்பவும் வலப்பக்கம்தான்."

"கோளாறு சைட்டுல இருந்தா வாலும் திரும்பியிருக்கும் சார். உருண்டைப் புள்ளி மூக்குக்கண்ணாடிக் கடையில கிடைக்கும்."

கூட வந்த கிளப் உறுப்பினர் மெதுவாகக் கேட்டார்: "போன மாசப் போட்டியில என் குண்டு நடுவுல படலைன்னு சொன்னது இந்தக் கண்ணுதானா, தலைவரே?"