மாற்றி எழுதிய பெயர்

அந்த மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டரை ஒட்டி உடை மாற்ற இரண்டு அறைகள். ஒன்றின் கதவில் 'டாக்டர்கள்' என்றும் மற்றதில் 'நர்ஸ்கள்' என்றும் எழுதியிருக்கும். பெண் டாக்டர்கள் நர்ஸ்கள் அறையில்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். கட்டிடம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். யாருக்கு எந்த ஆபரேஷன் என்பது டாக்டர்கள் அறையில், டீ குடிக்கிற நேரத்தில் முடிவாகிவிடும்.

அன்று காலை அறுவை சிகிச்சை டாக்டர் ஜெசிந்தா பச்சை உடை மாற்றிக்கொண்டு வந்து, அன்றைய ஆபரேஷன்கள் எழுதும் பலகையைப் பார்த்தாள். 'பேச்சித்தாய், பித்தப்பை' என்பதற்கு நேரே அவள் பெயர் இல்லை. அழித்த ஈரத்தின் மேலேயே 'டாக்டர் நவீன்' என்று எழுதியிருந்தது.

பேறுகால விடுப்பு முடிந்து வந்து ஐந்து வாரம். அவள் பெயருக்கு வந்த முதல் ஆபரேஷன் இது. இதுவும் போனால் இனி அந்தப் பலகைக்கும் தனக்கும் சம்பந்தம் இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

நவீன் எதிரே வந்தான். "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. 'அந்தப் பொண்ணுக்குக் கைக்குழந்தை, பாவம், நீ பண்ணிடு'ன்னு சீஃப் டாக்டர்தான் சொன்னார்."

நவீன் வீட்டிலும் மூன்று மாதக் குழந்தை இருந்தது.

ஜெசிந்தா நர்ஸ்கள் அறைக்குத் திரும்பினாள். விஷயம் அவளுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது.

"வாயை மூடிக்கிட்டு இரு," என்றார் மயக்க மருந்து டாக்டர் கோமதி. "எனக்கும் இப்படித்தான் பண்ணாங்க. பையன் எட்டாங்கிளாஸ் போனதும் தன்னால சரியாச்சு."

"ஸ்கேன் கோர்ஸ் படிச்சிரும்மா," என்றார் தலைமை நர்ஸ். "பத்து மணிக்குப் போனா நாலு மணிக்கு வீடு. ஆம்பிளைக்குப் பிள்ளை பிறந்தா ஸ்வீட் கேட்பாங்க. நமக்குப் பிறந்தா பேரை அழிப்பாங்க. இது தெரிஞ்சதுதானே?"

மூலையில் தலைமுடியைத் தொப்பிக்குள் திணித்துக்கொண்டிருந்தார் டாக்டர் மங்கையர்க்கரசி. ஜெசிந்தாவுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். பேச்சைச் செலவழிக்காதவர்.

"மேடம், இன்னும் எத்தனை நாள் பொறுத்துக்கணும்?"

மங்கையர்க்கரசி அலமாரியிலிருந்து புதிய ஒப்புதல் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"பேச்சித்தாய் உன் பெயருக்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். டாக்டர் மாறினால் புதிதாக வாங்க வேண்டும். போய் வாங்கிக்கொண்டு வா."

"நானா?"

"காரணம் கேட்பாள். சொல்லு."

ஜெசிந்தாவுக்குக் கோபத்தில் காது சுட்டது. இவருமா? படிவத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனாள்.

பேச்சித்தாய் டிராலியில் படுத்திருந்தாள். சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவள். ஜெசிந்தாவைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"வாங்க டாக்டரு. மூணு பேரு வாயுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நீங்கதான் கையை வச்சு கல்லுன்னு கண்டுபிடிச்சீங்க. எனக்குப் பயமே இல்ல, எம்மவகிட்டயும் சொல்லிட்டேன்."

"அம்மா, இன்னைக்கு நான் பண்ணலை. வேற டாக்டர் பண்ணுவார்."

"ஏன், உங்களுக்கு மேலுக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"இந்த ஆபரேசன் நீங்க பண்ணது கிடையாதா?"

"நிறைய பண்ணியிருக்கேன்."

"பின்ன?"

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். கைக்குழந்தை என்று சொல்ல வேண்டும். நான்கு பிள்ளை பெற்று, பிறந்த முப்பதாம் நாள் அடுப்படிக்குப் போனவளிடம் அதை எப்படிச் சொல்வது? சீஃப் சொன்னார் என்று சொல்லலாம். எதற்குச் சொன்னார் என்று கேட்பாளே. உள்ளே கேட்ட புத்திமதிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஒன்றையும் இந்த முகத்துக்கு நேரே சொல்ல முடியாது.

வெற்றுப் படிவத்தோடு திரும்பி வந்தாள்.

"கையெழுத்து எங்கே?"

"வாங்கலை."

"காரணத்தைச் சொன்னாயா?"

"வாய் வரலை மேடம். அசிங்கமா இருந்தது."

"அப்படியானால் சொல்ல வாய் வருகிறவரிடம் கொடு."

ஜெசிந்தா படிவத்தோடு வெளியே வந்தாள். நேரே போய் 'டாக்டர்கள்' என்ற கதவைத் தட்டினாள். வேண்டியதைவிட இரண்டு முறை அதிகமாகவே தட்டிவிட்டாள்.

சீஃப் டீ டம்ளரோடு தலையை நீட்டினார். "என்னம்மா, தீப்பிடிச்ச மாதிரி?"

"பேச்சித்தாய்க்கு டாக்டர் மாறினதுக்குக் காரணம் வேணுமாம் சார். எனக்குச் சொல்லத் தெரியலை. நீங்க வந்து சொல்லிட்டுக் கையெழுத்து வாங்கிடுங்க."

"நானா? அவகிட்டயா?"

"ஆமா சார். விழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா."

அவர் படிவத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். உள்ளே யாரோ சிரித்தார்கள்.

"சரி சரி, இதுக்குப் போய் எதுக்கு ரகளை? உனக்கு நல்லதுன்னு நினைச்சேன். வேணாம்னா நீயே பண்ணிக்கோ போ."

ஜெசிந்தா பலகையில் தன் பெயரைத் தானே எழுதினாள். ஓட்டமும் நடையுமாகக் கை கழுவும் தொட்டிக்கு வந்தாள். மங்கையர்க்கரசி முழங்கை வரை நுரையோடு நின்றிருந்தார்.

"மேடம், விட்டுக்கொடுத்துட்டார்! பத்து தடவை தேங்க்ஸ் சொல்லிட்டு வந்தேன்."

மங்கையர்க்கரசி குழாயை முழங்கையால் மூடினார்.

"முதலில் அவள் கல்லை எடு. முடிந்ததும் போய், அந்தப் பத்து தேங்க்ஸையும் திருப்பி வாங்கிக்கொண்டு வா."