ஒற்றைப் புளியங்கொட்டை

ரொம்ப நாளைக்கு முன்னால் மருதங்காட்டுச் சீமையைப் பராங்குசன் என்று ஒரு ராஜா ஆண்டான். நல்ல மனசுதான், கோபம் வந்தால் மட்டும் எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது.

ஒருநாள் அவனுடைய பட்டத்து யானை நுரை தள்ளிச் சாய்ந்தது. தீனியில் விஷம் என்றார் வைத்தியர். தன் மைத்துனனுக்குப் பாகன் உத்தியோகம் கேட்டு அலைந்துகொண்டிருந்த அரண்மனை அதிகாரி நாகமராயர் உடனே ஓர் ஓலைக்கட்டோடு ஓடிவந்தார். யானைக்கொட்டிலுக்குள் போகிறவர் பேரையெல்லாம் கணக்கர் வரிசையாக எழுதிவைக்கும் ஓலை அது.

“மகாராஜா, இந்த மாதம் பாகன் மாசானத்தின் பெயர் தொண்ணூறு முறை வருகிறது. நானே எண்ணினேன்.”

ராஜா யோசிக்கவே இல்லை. பொழுது சாய்வதற்குள் மாசானத்தைக் கழுவேற்றச் சொல்லிவிட்டான்.

அரண்மனைப் பந்தியில் பரிமாறும் சடைச்சி, மாசானத்தின் பெண்சாதி. சேதி கேட்டு ஓடிவந்து சபை நடுவில் நின்றாள்.

“மத்தவங்க பேரையும் எண்ணினீங்களா, சாமி?”

ராயர் சிரித்தார். ஒவ்வொரு பேருக்கும் ஓலையை முதலிலிருந்து புரட்டினால் மூன்று நாள் ஆகுமே என்றார். ஒருதரம் வாசித்தாலே போதும் என்றாள் சடைச்சி. வாழையிலைக் கட்டும் புளியங்கொட்டையும் வரவழைத்தாள்.

கணக்கர் வாசிக்க வாசிக்க, புதுப் பேர் வந்தால் ஓர் இலை போட்டு ஒரு கொட்டை வைத்தாள். இலை போட்ட பேரே திரும்ப வந்தால் அதே இலையில் இன்னொரு கொட்டை. பந்தி விசாரித்த கைக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. வெளியே கழுமரத்துக்குக் குழி தோண்டும் சத்தம் கேட்டது.

ஓலை முடிந்தது. மாசானம் இலையில் தொண்ணூறு. தழை வெட்டிப் போடுகிறவனுக்கு முப்பது, சாணி அள்ளுகிறவளுக்கு முப்பது. கடைசி இலையில் ஒரே ஒரு கொட்டை.

“மூணு வேளையும் தீனி ஊட்டப் போறவரு பேரு தொண்ணூறு தடவை வராம எப்படி இருக்கும்? ஒரே ஒருதரம் போனவரு எதுக்குப் போனாருன்னு கேளுங்க, சாமி.”

கணக்கர் ஓலையை மறுபடி பார்த்தார். அது நாகமராயர் பேர். யானை சாய்ந்ததற்கு முதல் நாள்.

சும்மா யானையைப் பார்க்கப் போனேன், அது குற்றமா என்றார் ராயர். சபையில் நாலைந்து தலைகள் ஆடின. அதுவும் நியாயம்தானே! ராஜா தாடியை நீவினான்.

சடைச்சி விடுவாளா? கொட்டிலில் இருந்த மூன்று தீனி மூட்டைகளையும் கொண்டுவரச் சொன்னாள். குற்றமற்றவர் என்றால் ஏதாவது ஒரு மூட்டையிலிருந்து ஒரு பிடி தின்று காட்டட்டும் என்றாள். ராயர் துளியும் தயங்கவில்லை. நடு மூட்டையில் கைவிட்டு அள்ளி, மென்று விழுங்கி, மீசையையும் துடைத்துக்கொண்டார்.

“எந்த மூட்டையில விஷம்னு வைத்தியருக்கே தெரியாது. என் புருஷனுக்கும் தெரியாது. இவருக்கு மட்டும் எப்படிங்க தெரிஞ்சுது?”

மற்ற இரண்டிலும் ஒவ்வொரு பிடி எடும் என்றான் ராஜா. ராயர் தடாலென்று காலில் விழுந்தார்.

ராஜா இறங்கிவந்து மாசானத்தின் கட்டைத் தன் கையாலேயே அவிழ்த்தான். அவசரப்பட்டு ஒரு குடும்பத்தையே அழிக்கப் பார்த்தேனே என்று வெட்கப்பட்டான். எந்த வழக்கானாலும் சடைச்சி எல்லாப் பேரையும் எண்ணிச் சொன்ன பிறகே இனித் தீர்ப்பு என்றும் அறிவித்தான்.

யானை பிழைத்துக்கொண்டது. அதற்கு உருட்டும் முதல் கவளத்தை மூன்று வேளையும் ராயர் தின்று காட்டவேண்டும் என்பது ராஜ கட்டளை. உருட்டுவது மாசானம். ராயர் அதற்கப்புறம் ஒரு வேளைகூட நிம்மதியாக விழுங்கவில்லையாம்.