காலில்லாத சீமாட்டியின் கால்காரன்

கொட்டாவி விடுகிறவர்கள் இப்போதே விட்டுவிடுங்கள். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

வெகு காலத்துக்கு முன்னால், கடல் தாண்டி ஜப்பான் தேசத்தில், ஒரு பொம்மலாட்டக் கொட்டகை இருந்தது. அங்கே ஒரு பொம்மையை மூன்று பேர் ஆட்டுவார்கள். தலையும் வலக்கையும் ஒருவருக்கு. இடக்கை ஒருவருக்கு. கால் இரண்டும் ஒருவருக்கு.

தலைக்காரர் தொகுசோ சபைக்கு முகம் காட்டி நிற்பார். மற்ற இருவருக்கும் கறுப்பு முக்காடு. முகம் தெரிந்தால் கர்வம் வருவது சகஜம்தானே!

ஒரு நாள், ஊரை ஆளும் சிற்றரசர் நாடகம் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். பிடித்தால் கொட்டகை நிற்கும். பிடிக்காவிட்டால் எரித்துவிடுவார்.

அன்றைய நாடகத்தில் ஒரே ஒரு சீமாட்டி பொம்மை. அந்தத் தேசத்தில் பெண் பொம்மைக்குக் கால் வைப்பதில்லை. தரைவரை தொங்கும் அங்கிக்குள் கால்காரன் இரண்டு முஷ்டிகளை நகர்த்துவான். பார்ப்பவர்களுக்கு அவள் நடப்பது போலவே இருக்கும்.

"இல்லாத காலுக்கு ஓர் ஆளா?" என்றார் தொகுசோ. "நீ போய் உட்கார்ந்து வேடிக்கை பார்."

கால்காரன் ஹன்பெய் குறும்புக்காரன். "உத்தரவு, ஐயா" என்று முக்காட்டைக் கழற்றினான். வறுத்த பயறு வாங்கிக்கொண்டு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். உள்ளே அவனுக்கு வலிக்கத்தான் செய்தது.

திரை விலகியது. சீமாட்டி வந்தாள். நடக்கவில்லை, மிதந்தாள்.

பேய்க்குக் கால் கிடையாது என்பது அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். தொகுசோவுக்குத்தான் தோன்றவில்லை. சிற்றரசரோ பத்துப் பேரை ஒற்றை ஆளாக வெட்டுவார், பேய் என்றால் மட்டும் வெலவெலத்துப் போவார்.

அவள் முதல் தடவை மிதந்தபோது, விசிறியை இறுகப் பிடித்தார். இரண்டாம் தடவை, விசிறியைக் கடித்தார். மூன்றாம் தடவை, மெய்க்காவலனின் தோள்மேல் ஏறிவிட்டார்!

"பேய்! கொளுத்துங்கள் கொட்டகையை!"

தீப்பந்தங்கள் வந்தன. ஹன்பெய்யை வாய்விட்டுக் கூப்பிடத் தொகுசோவுக்கு மானம் இடம் தரவில்லை. ஆகவே பொம்மையைக் கடைசி வரிசைப் பக்கம் திருப்பி, தலை தாழ்த்திக் கும்பிட வைத்தார்.

"அந்த அம்மா கூப்பிட்டால் வராமல் இருப்பேனா?" என்று பயற்றை வாயில் கொட்டிக்கொண்டு ஓடினான் ஹன்பெய். அங்கிக்குள் முஷ்டிகள் நுழைந்தன. சீமாட்டி ஓர் அடி வைத்தாள். மறு அடி வைத்தாள். பிறகு தொம்மென்று கோபமாய் மிதித்தாள். அந்த மிதி தொகுசோவின் கால் கட்டைவிரல்மேல்தான் விழுந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொம்மையை ஆட்டினார்!

"அட, கால் இருக்கிறது!" என்று இறங்கி வந்தார் சிற்றரசர். பந்தங்கள் அணைந்தன. நாடகத்தைக் கடைசிவரை பார்த்து, சீமாட்டியின் துயரத்துக்காகக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மறுநாள் அரண்மனையிலிருந்து பரிசு வந்தது. சீமாட்டியின் அழகான பாதங்களுக்கு ஒரு ஜோடி பட்டுவார்ச் செருப்பு.

ஹன்பெய் அதைத் தன் கைகளில் மாட்டிக்கொண்டான். "ஐயா, இடது கால் கொஞ்சம் கடிக்கிறது" என்றான்.

தொகுசோ மண்டியிட்டு, வாரைத் தளர்த்திவிட்டார்.

கேட்டவர்களே, கண்ணுக்குத் தெரியாமல் தாங்குகிறவனை வேண்டாம் என்று தள்ளினால், கண்ணுக்குத் தெரிகிறவனும் சேர்ந்து விழுவான்.